கோபிசெட்டிபாளையத்தில் உறைபனி எப்போது? ஒரு தோட்ட ஆப்போடு மூன்று வருடம்

பக்கத்துத் தோட்டத்து நண்பர் போன வாரம் பால் வாங்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, நீங்க வெச்சிருக்கிற அந்தத் தோட்ட ஆப் பாதி விலைக்கு வந்திருக்குதுங்களாமா? வாங்கலாங்களா?" வாயைத் திறந்தேன், மூடினேன். இரண்டு வரியில் சொல்கிற பதில் இல்லை அது.

கட்டம் போட்டுப் பாத்தி வரைவது, செடியை இழுத்து வைப்பது, எதை எப்போது விதைக்க என்று காலண்டர் தருவது எல்லாம் தெரிந்ததுதான். அதில் குறை இல்லை. என் சண்டை முதல் திரையில் வரும் இரண்டு கட்டங்களோடு. ஸ்பிரிங்கில் (வசந்தம்) கடைசி உறைபனி என்றைக்கு, ஃபாலில் (இலையுதிர்காலம்) முதல் உறைபனி என்றைக்கு? இரண்டையும் நிரப்பாமல் அடுத்த திரைக்கு விடாது. பின்னால் நின்று பார்த்த என் மனைவி, "ஃபால்னா நம்ம கொடிவேரி அருவிங்களா?" என்றாள்.

குளிர் நாட்டுக்காரர்களுக்கு இது நியாயமான கேள்வி. அவர்கள் கணக்கெல்லாம் அந்தக் கடைசிப் பனி நாளிலிருந்துதான் ஆரம்பிக்கும். தக்காளி விதையை அதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால் வீட்டுக்குள் போட வேண்டும், பட்டாணியை நாலைந்து வாரம் முன்னாலேயே மண்ணில் ஊன்றலாம், இப்படி. அந்த நாள்கூடப் பெரும்பாலும் பல வருடப் பதிவுகளின் சராசரிதான், அதற்குப் பிறகும் பனி விழும் வருடங்கள் உண்டு. சரி, அது அவர்கள் பாடு. கோபியில் மார்கழி விடிகாலையில்கூட என் தெர்மாமீட்டர் 17க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. நான் எந்தத் தேதியைப் போடுவது?

முதல் வருடம் கடுப்பில் பொய் சொன்னேன். கடைசிப் பனி ஜனவரி 15, பொங்கல். முதல் பனி ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. 89 நாள். ஆப் பதறிவிட்டது. உங்களுடையது மிகக் குறுகிய பருவம், குளிர் தாங்கும், சீக்கிரம் விளையும் ரகமாகப் பாருங்கள் என்று துருவப் பிரதேசத்துக்காரனுக்குச் சொல்வது போல ஆறுதல் சொன்னது. சிரித்தேன். ஆனால் அந்தப் பங்குனியில் தக்காளிப் பூவெல்லாம் உதிர்ந்தபோது அந்த 89 நாள் ஞாபகம் வந்தது. பகல் 35ஐத் தாண்டிவிட்டால் தக்காளி பூக்கும், பிடிக்காது. நமக்கு உறைபனி சித்திரையில்தான் விழுகிறது, வெயில் வேஷத்தில். விளையாட்டுக்குப் போட்ட தேதி ஏறக்குறைய தைப்பட்டத்தோடு பொருந்திப்போனது.

அதற்காக ஆப்பை நம்பிவிடக் கூடாது. எட்டு வாரம் முன்னால் விதைக்கச் சொன்னதென்று நவம்பர் 20ஆம் தேதி குழித்தட்டில் தக்காளி போட்டேன். நம்மூர்ச் சூட்டில் 25 நாளில் நடவுக்கு வந்துவிடும் நாற்று அது. ஆப் சொன்ன நாள் வரைக்கும் காத்திருந்ததில் தட்டிலேயே நெடுநெடுவென்று வளர்ந்து, சாய்ந்து, இரண்டு செடி பூவே விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் குழி வடிவத்திலேயே சுருண்டு இறுகியிருந்தது. அந்த வருடம் எங்கள் வீட்டுக் குழம்புக்குத் தக்காளி சந்தையிலிருந்துதான் வந்தது.

இரண்டாம் வருடம் ஆடிப்பட்டத்துக்கென்று தனியாக இன்னொரு தோட்டம் திறந்தேன், கடைசிப் பனி ஜூலை 17 என்று. ஒரே மண்ணில் ஒரே வருடத்தில் இரண்டு பட்டம் போடுவார்கள் என்பதே அதற்குத் தெரியாது. மழை என்ற சங்கதியும் தெரியாது. ஐப்பசியில் பாத்தி தண்ணீரில் நிற்கும்போது "நீர் பாய்ச்சவும்" என்று மணி அடிக்கும். அவரையைத் தேடினேன், காய்கறிப் பட்டியலில் இல்லவே இல்லை. பூச்செடிகளில் இருந்தது, அலங்காரக் கொடியாக! ஆடியில் ஊன்றி, மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாகப் பறித்து, எங்கள் அம்மிச்சி ஊருக்கே கொடுத்த காய்.

தூக்கிப் போட்டிருப்பேன். ஊட்டியில் இருக்கும் அக்கா காப்பாற்றிவிட்டாள்.

அவள் வீடு ஒரு சரிவில் இருக்கிறது. கீழ்ப் பாத்தியில் பீன்ஸ் போட்டால் வருடா வருடம் உறைபனியில் போய்விடும். விடியும்போது இலை கண்ணாடி மாதிரி ஈரப்பச்சையாக இருக்கும், வெயில் ஏறி ஒரு மணி நேரத்தில் வெந்த கீரையாகித் தொங்கும், சாயங்காலம் கருகிவிடும். சந்தாவோடு இன்னொருவருக்கும் இடம் உண்டென்பதால் அவளுக்கு ஏற்றிக் கொடுத்தேன். இடத்தின் மேடு பள்ளத்தைக் குறித்தால் குளிர் எங்கே தேங்கும் என்று நீல நிறத்தில் காட்டும் வசதி ஒன்று அதில் இருக்கிறது. கோபியில் எனக்கு அது எதற்கு, திறந்து பார்த்ததே இல்லை. அக்கா வரைந்தாள். கீழ்ப் பாத்தி முழுக்க நீலம், அதற்கும் கீழே வேலிச்செடி வரிசை அணை போட்ட மாதிரி நிற்கிறது. போனில் சொன்னாள்: "வாய்க்கால் தண்ணி மாதிரித்தான் கண்ணு, குளிரும் பள்ளம் பாத்துத்தான் ஓடுது. நான்தான் கட்டி வெச்சிருக்கறேன்." வேலியில் நாலு செடியை வெட்டி மடை திறந்துவிட்டாள், பீன்ஸை இரண்டு படி மேலே ஏற்றினாள், கீழே கேரட்டும் முட்டைக்கோசும் வைத்தாள். அவை லேசான உறைபனியைத் தாங்கும். இந்த தையில் மேல் பாத்தியில் ஒரு செடியும் கருகவில்லை.

அங்கேயும் அந்த இரண்டு கட்டம் சும்மா விடவில்லை. ஊட்டியில் உறைபனி கார்த்திகை வாக்கில் ஆரம்பித்து மாசி வரை விட்டுவிட்டு வரும், ஆனால் பகலில் நல்ல வெயில், செடி வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆப் அந்த மாதங்களைச் சாம்பல் பூசி மூடிவிட்டது. அந்தச் சாம்பலுக்குள்தான் பள்ளத்தாக்கில் நீர்போக உருளைக்கிழங்கு, அதாவது தண்ணீர் பாய்ச்சி விளைவிக்கும் பட்டத்துக் கிழங்கு, நடுகிறார்கள். எச்சரிக்கை மணியும் லட்சணம்தான். ஒரு நாள் ராத்திரி "4 டிகிரி, ஆபத்தில்லை" என்றது, காலையில் புல்வெளி முழுக்க வெள்ளை. அது சொல்வது ஆள் நெஞ்சு உயரத்துக் காற்றின் கணக்கு. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுப் புல் நுனியில் சுழியத்துக்கு இறங்கிவிடும். இப்போது அக்கா மணியை 5க்கு வைத்திருக்கிறாள். அடித்தால் மச்சானை எழுப்பி, குச்சி நட்டு, இலையில் படாமல் பழைய சேலையைப் போர்த்திவிடுவாள்.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்றால், வேண்டாங்க, நம்ம ஊருக்கு ஆகாது, காசு தண்டம். உண்மையாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பாதி விலையில் இன்னும் ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டேன். அக்கா பேரைச் சொல்லிக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் நிழல்வலைக்குக் கீழேயே மிளகாய் நாற்று துவண்டு கிடக்கிறது, வெளியே 39 டிகிரி. போன் சிணுங்கியது: உங்கள் பகுதியில் உறைபனி நெருங்குகிறது, இளஞ்செடிகளை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். வைதுகொண்டே தட்டைத் தூக்கித் தாழ்வாரத்துக்குள் வைத்தேன்.