கிட், மெர்க்யூரியல், சப்வெர்ஷன், ஃபாசில்: தவறாகப் போட்ட ஒரு கமிட்டை வைத்து ஓர் ஒப்பீடு

கோப்பில் செய்த மாற்றத்தை ஒரு குறிப்போடு வரலாற்றில் பதிவதுதான் கமிட். அதைப் போட்டு எண்டர் தட்டிய அடுத்த நொடிதான் பிழை கண்ணில் படும். குறிப்பில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். இல்லையென்றால் வெளியே போகவே கூடாத பாஸ்வேர்டு கோப்பும் கூடவே ஏறியிருக்கும். இப்படி மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பதிப்பு மேலாண்மைக் கருவிகளை ஒப்பிடும் அட்டவணைகள் வேகம், கிளை, நினைவகம் என்று கட்டம் போட்டு டிக் அடிக்கின்றன. எனக்கு அவை ஒருநாளும் உதவியதில்லை. மேலே சொன்ன தவறை ஒவ்வொரு கருவியிலும் செய்து பார்த்தால் அதன் குணம் உடனே தெரிந்துவிடும். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அதை உருவாக்கியவர்கள் அன்றாடம் எப்படி வேலை பார்த்தார்கள் என்பதில் போய் நிற்கும். அவர்களுடைய வேலைமுறை நம்முடையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் நான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறேன்.

இங்கே நான்கு கருவிகளை எடுத்துக்கொள்கிறேன். நான்கும் திறமூலம்தான்: கிட்டும் மெர்க்யூரியலும் ஜிபிஎல், சப்வெர்ஷன் அப்பாச்சி உரிமம், ஃபாசில் பிஎஸ்டி உரிமம். கடைசியில் ஜுஜுட்சு என்ற ஐந்தாவதையும் தொட்டுவிட்டுப் போகிறேன்.

ஒரே தவறு, நான்கு பதில்கள்

சப்வெர்ஷனில் கமிட் என்றாலே அது சர்வருக்குப் போய்விட்டது என்று பொருள். குறிப்பில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட சர்வர் நிர்வாகி அதற்கென்று ஒரு ஹூக்கை (சர்வரில் தானாக ஓடும் சின்ன நிரல்) திறந்துவிட்டிருக்க வேண்டும். மாற்றத்தைத் திரும்பப் பெற, அதை எதிர்த்திசையில் மெர்ஜ் செய்து (இணைத்து) இன்னொரு கமிட் போடலாம். பழையது வரலாற்றில் அப்படியே இருக்கும். பாஸ்வேர்டு கோப்பை அடியோடு நீக்குவது பெரிய வேலை. நிர்வாகி முழுக் களஞ்சியத்தையும் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த தொகுப்பு) டம்ப் எடுத்து, வடிகட்டி, மறுபடி ஏற்ற வேண்டும்.

கிட் இதற்கு நேர் எதிர். கடைசிக் கமிட்டை 'அமெண்ட்' என்று ஒரு சொல்லில் மாற்றி எழுதிவிடலாம். ரீபேஸ் செய்து, அதாவது கமிட்டுகளைப் புதிதாக அடுக்கி, பத்துக் கமிட்டை மூன்றாகச் சுருக்கலாம், வரிசை மாற்றலாம், நடுவில் ஒன்றைத் தூக்கலாம். இன்னொருவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட கமிட்டை மாற்றினாலும் கிட் தடுக்காது. பொதுக் களஞ்சியத்தில் இருப்பதன்மேல் கட்டாயமாக எழுதும் ஃபோர்ஸ் புஷ்ஷைச் செய்துவிட்டு, காலையில் சக ஊழியர் "அண்ணா, என் கமிட் எங்கே போச்சு?" என்று கேட்கும்போதுதான் விஷயம் புரியும். அப்போதும் கதை முடிந்துவிடாது. அவருடைய கணினியில் உள்ள ரெஃப்லாகில், அதாவது கிட் வைத்திருக்கும் நடமாட்டப் பதிவேட்டில், எந்தக் கிளையிலும் இல்லாமல் போன கமிட்டுகள்கூட வழக்கமாக 30 நாள் வரை கிடக்கும். நான் புதியவர்களுக்குக் கிட் சொல்லித்தரும்போது கிளையைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே ரெஃப்லாகைக் காட்டிவிடுவேன். தொலைந்தது கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் கை பயமில்லாமல் வேலை செய்யும்.

இந்த விஷயத்தில் என் மனசு மெர்க்யூரியல் பக்கம்தான். அங்கே ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு நிலை உண்டு: ரகசியம், வரைவு, பொது. உங்களிடம் மட்டும் இருக்கும் வரை அது வரைவு. எப்படி வேண்டுமானாலும் திருத்தலாம். பொதுக் களஞ்சியத்துக்குப் புஷ் ஆனதும் அது பொது நிலைக்கு மாறிவிடும். பிறகு அமெண்ட் செய்யப் போனால், பொதுவில் போனதை மாற்ற முடியாது என்று கருவியே சொல்லிவிடும். கிட் குழுக்கள் வாய்மொழி விதியாக வைத்திருப்பதை இது 2012லேயே கருவிக்குள் எழுதிவிட்டது. அதோடு ரீபேஸ் போன்ற ஆபத்தான வசதிகள் மெர்க்யூரியலில் முதலில் அணைந்தே இருக்கும்; அமைப்புக் கோப்பில் நீங்களாக ஒரு வரி எழுதி இயக்க வேண்டும்.

ஃபாசிலில் ரீபேஸ் என்ற கட்டளையே கிடையாது. மறந்துபோய் விட்டதில்லை, வேண்டாம் என்று முடிவெடுத்து விட்டது. நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. குறிப்பில் எழுத்துப்பிழையா? அமெண்ட் உண்டு, ஆனால் அது பழைய கமிட்டைத் தொடாமல், மேலே ஒரு திருத்தச் சீட்டை ஒட்டுகிறது. திரையில் திருத்தியது தெரியும், உள்ளே போய்ப் பார்த்தால் பழையதும் இருக்கும். நம் பத்திர அலுவலகத்தில் மூலப் பத்திரத்தை அடிக்காமல் பிழைத்திருத்தல் பத்திரம் பதிவார்களே, அந்த மாதிரி. பாஸ்வேர்டு போல உண்மையிலேயே நீக்க வேண்டியதற்கு 'ஷன்' என்று தனி வழி இருக்கிறது. அது ஒவ்வொரு களஞ்சியத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியது; சிங்க் செய்தால் தானாகப் பரவாது.

யாருடைய மேசையில் பிறந்தது

கிட் பிறந்தது 2005 ஏப்ரலில். அதற்கு முன் 2002 முதல் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியில் இருந்தது. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற நிரலாளர் அதன் நெறிமுறையை அலசப் போனதும் இலவச உரிமம் நின்றுபோனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7ஆம் தேதி கிட் தன் மூலநிரலைத் தானே சேமிக்கத் தொடங்கியிருந்தது. உலகெங்கும் இருந்து மின்னஞ்சலில் பேட்ச் (நிரல் மாற்றங்கள்) வந்து குவியும் வேலைக்காக அது செய்யப்பட்டது. பேட்ச் சுத்தமாக, வரிசையாக இருந்தால்தான் பராமரிப்பாளர் படிப்பார். அதனால்தான் கிட்டில் கமிட்டை மாற்றி எழுதுவது இவ்வளவு சுலபம்: அனுப்பும் முன் கையெழுத்தைச் சீர் செய்வது அங்கே மரியாதை.

அதே பிட்கீப்பர் பிரச்சினைக்குப் பதிலாக அதே ஏப்ரலில் மேட் மெக்கால் மெர்க்யூரியலை அறிவித்தார். கிட்டின் முதல் வடிவங்கள் சின்னச் சின்ன சி நிரல்களும் ஷெல் ஸ்கிரிப்டுகளுமாக இருந்தன. மெர்க்யூரியல் பெரும்பாலும் பைத்தான்; கட்டளைகள் சப்வெர்ஷன் பழகியவருக்குக் கையில் வரும்.

சப்வெர்ஷன் இரண்டுக்கும் மூத்தது. 2000இல் கொலாப்நெட் தொடங்கியது. 2004 பிப்ரவரியில் 1.0. சிவிஎஸ் என்ற இன்னும் பழைய கருவியை அதன் குறைகள் நீக்கி மாற்றுவது மட்டுமே இலக்கு. நடுவில் ஒரு சர்வர், சுற்றிலும் ஊழியர்கள்.

ஃபாசிலை எழுதியவர் டி. ரிச்சர்ட் ஹிப், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தைப் படைத்தவர். விரல் விட்டு எண்ணக்கூடிய, ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த ஆட்கள் வேலை செய்யும் இடம் அது. 2009இல் எஸ்க்யூலைட் சிவிஎஸ்ஸிலிருந்து ஃபாசிலுக்கு மாறியது. முழு வரலாறும் ஒரே ஒரு எஸ்க்யூலைட் கோப்பு. அதற்குள்ளேயே பிழைச்சீட்டு, விக்கி, மன்றம் எல்லாம் அடக்கம். நிறுவுவதும் ஒற்றைக் கோப்புதான். குளோன் செய்த (முழு நகலெடுத்த) களஞ்சியத்தில் கமிட் போட்டவுடன் தானாகச் சிங்க் ஆகிவிடும். பக்கத்து மேசைக்காரரிடம் எதையும் மறைத்துவைக்கத் தேவையில்லாத குழுவுக்கு இது இயல்பாகப் பொருந்தும். கெர்னல் அளவிலான கூட்டத்துக்குப் பொருந்தாது.

2017 பிப்ரவரி

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சோதித்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 2017 பிப்ரவரி 23 அன்று ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் கூகுளும் ஒரே ஷா-1 கைரேகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) கொண்ட இரு வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. வெப்கிட் என்ற உலாவி இயந்திரத் திட்டத்தில் சோதனைக்காக அந்த இரண்டையும் சப்வெர்ஷனில் ஏற்ற, களஞ்சியமே சிக்கிக்கொண்டது. ஒரே உள்ளடக்கத்தை இருமுறை சேமிக்காமல் இருக்க ஷா-1ஐ நம்பிய வசதிதான் காரணம். கிட் அந்த இரு கோப்புகளால் குழம்பவில்லை. உள்ளடக்கத்துக்கு முன்னால் வகையும் அளவும் சேர்த்துக் கைரேகை எடுப்பதால் இரண்டுக்கும் வேறு வேறு விடை வந்தது. ஆனாலும் அடித்தளம் ஆட்டம் கண்டது உண்மை. கிட் அதே ஆண்டு மே மாதம், இப்படிப்பட்ட கைரேகை மோதலைக் கண்டுபிடிக்கும் ஷா-1 நிரலுக்கு மாறியது. ஷா-256 களஞ்சியம் சோதனை நிலையில் வர 2020 அக்டோபர் ஆனது. ஃபாசிலோ ஷா-3 ஆதரவுடன் 2.0ஐ 2017 மார்ச் தொடக்கத்திலேயே வெளியிட்டுவிட்டது. சின்னப் படகு சட்டென்று திரும்பும். கோடிக்கணக்கான களஞ்சியங்களைச் சுமப்பது அப்படித் திரும்ப முடியாது. கிட்டை இதற்காக நான் குறை சொல்ல மாட்டேன்.

தமிழ்ப் பெயரில் ஒரு கோப்பு

நம்மில் பலர் மோதும் இடம் இது. 'அ' என்று ஒரு கோப்பு உருவாக்கி கிட் ஸ்டேட்டஸ் பாருங்கள். திரையில் வருவது:

"\340\256\205"

ஒற்றை எழுத்து யுடிஎஃப்-8இல் மூன்று பைட்; அந்த மூன்றையும் எட்டடிமான எண்ணில் காட்டுகிறது. முழுத் தமிழ்ச் சொல்லாக இருந்தால் ஒரு வரி முழுக்க எண்கள்தான். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை, காட்டும் விதம் மட்டுமே அப்படி. கோட்பாத் (core.quotePath) என்ற அமைப்பை அணைத்துவிட்டால் 'அ' அ-வாகவே தெரியும். இது கிட்டின் இயல்புநிலையாக இன்னும் இருப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அடுத்தது இன்னும் நுட்பம். 'கொடி' என்ற பெயரில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசம் இல்லை. மேக்கின் பழைய கோப்பு முறை தானாக இரண்டாகப் பிரித்துவிடும். சப்வெர்ஷனில் அந்தக் கணினியில் எடுத்தால், ஒரே கோப்பு 'காணவில்லை' என்று ஒரு வரியிலும், 'புதியது' என்று இன்னொரு வரியிலும் வரும். கிட் 2012இல் மேக்குக்கென்று மறுபடி சேர்த்துக்கொள்ளும் அமைப்பைக் கொண்டுவந்தது. தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் குழுவில் ஒருவராவது பழைய மேக்கில் இருந்தால், இந்த ஒரு காரணமே கிட் பக்கம் சாய்க்கும்.

கருவிக்கே கை கொடுக்க நினைத்தால்

கிட்டுக்குப் பேட்ச் அனுப்புவது இன்றும் அஞ்சல் பட்டியலில்தான். 2005 ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ பராமரிக்கிறார். உங்கள் பேட்ச் முதலில் 'சீன்' கிளையில் தெரியும், பிறகு 'நெக்ஸ்ட்', பிறகுதான் 'மாஸ்டர்'. கேள்விகள் கறாராக இருக்கும், பதில்கள் பொறுமையாக இருக்கும். மெர்க்யூரியலின் மேம்பாடு ஹெப்டாபாட்டில், அதாவது மெர்க்யூரியலுக்காகத் திருத்திய கிட்லேப் தளத்தில் நடக்கிறது. சப்வெர்ஷன் அப்பாச்சி அமைப்பின் கீழ், இன்றும் தன் நிரலைச் சப்வெர்ஷனிலேயே வைத்திருக்கிறது. ஃபாசிலுக்கு நிரல் தர முதலில் ஒப்பந்தப் படிவம் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் எது?

மெர்க்யூரியலை இவ்வளவு மெச்சிவிட்டு இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது: புதுத் திட்டத்துக்கு அதைப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. பைத்தான் மொழித் திட்டம் 2011இல் அதற்கு வந்து 2017இல் கிட்டுக்குப் போனது. களஞ்சியங்களை வைக்கும் பிட்பக்கெட் தளம் 2020இல் மெர்க்யூரியல் ஆதரவை எடுத்துவிட்டது. ஜாவாவின் ஓப்பன்ஜேடிகே போனது, 2024இல் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரும் போனது. கருவி நன்றாகவே இருக்கிறது. பங்களிக்க வருபவர் கையில் கிட் மட்டுமே இருக்கிறது.

சப்வெர்ஷனை இன்றும் தைரியமாகச் சொல்வேன், ஓர் இடத்தில்: எழுத்துரு மூலங்கள், ஒலிப்பதிவுகள், வடிவமைப்புக் கோப்புகள் என்று மெர்ஜ் செய்யவே முடியாதவை குவியும் குழுவில். கோப்பைப் பூட்டி வைத்து வேலை செய்யலாம். வேண்டிய அடைவை மட்டும் இறக்கலாம். ஆனால் பேக்கப் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சர்வர் வட்டு போய்விட்டது, பேக்கப் எடுத்தவர் யாருமில்லை. எங்கள் மடிக்கணினிகளில் கடைசி வடிவம் இருந்தது. ஆறு வருட வரலாறு போனது போனதுதான். கிட்டாக இருந்திருந்தால் முழுதாகக் குளோன் செய்த எந்த மடிக்கணினியிலிருந்தும் அதை மீட்டிருக்கலாம்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து பல வருடம் காக்கப்போகும் ஒரு பொருள், வெளி நிறுவனத்தின் தளத்தை நம்ப விருப்பமில்லை என்றால் ஃபாசில். மற்ற எல்லாவற்றுக்கும் கிட்.

கிட்டின் கரடுமுரடு பிடிக்கவில்லையா? ஜுஜுட்சுவைப் பாருங்கள். மார்ட்டின் வான் ஸ்வைக்பெர்க் 2019இல் சொந்த ஆர்வத்தில் ரஸ்ட்டில் தொடங்கியது. அடியில் கிட் களஞ்சியமே இருக்கும், மேலே நடைமுறை மட்டும் மாறும். கமிட்டுக்கு முன் மாற்றங்களைத் தேர்ந்துவைக்கும் ஸ்டேஜிங் இல்லை; நீங்கள் திருத்தும் கோப்புகளே ஒரு கமிட். நடுவில் உள்ளதைத் திருத்தினால் அதற்குமேல் உள்ளவை தானாக நகர்ந்து உட்காரும். முரண்பாடு வந்தால் வேலை நிற்காது, அதைக் கமிட்டுக்குள் பதிந்துவைத்துவிட்டு அப்புறம் தீர்க்கலாம். செய்த ஒவ்வொரு செயலுக்கும் பதிவு உண்டு, 'அன்டூ' போட்டால் திரும்பிவிடும். இருக்கிற கிட் அடைவிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சரிவரவில்லையென்றால் உள்ளே இருக்கும் '.jj' என்ற மறைவடைவை அழித்துவிட்டு, கிட் ஸ்விட்ச் போட்டு உங்கள் பழைய கிளைக்குத் திரும்பிவிடலாம்.