கேயாஸ் ஆர்பைச் சேர்ப்பதா, அடிப்பதா, விற்பதா? பாத் ஆஃப் எக்ஸைலில் எது கட்டுப்படியாகும்

பாத் ஆஃப் எக்ஸைல் வீடியோ கேமில் புது லீக் (எல்லோரும் வெறுங்கையோடு தொடங்கும் புதுப் பருவம்) தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் போன் செய்தான். “மாமா, 40 கேயாஸ் சேர்ந்திருக்கு. ஹெல்மெட்ல அடிச்சுப் பார்க்கட்டுமா?”

வேண்டாம் என்றேன். “அப்போ எதுக்கு மாமா சேர்க்கிறது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து இரவில் 2 மணி நேரம் மட்டும் ஆடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. நாள் முழுக்க ஆடுகிறவர்களின் கணக்கு வேறு.

முதலில் ஓர் அடிப்படை. நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது அதில் தங்கக் காசே கிடையாது. ஆர்ப்தான் காசு, அதே ஆர்ப்தான் பட்டறைக் கருவியும். ஆர்பை ஒரு பொருளில் பயன்படுத்துவதைத்தான் ‘அடிப்பது’ என்கிறோம். கேயாஸ் ஆர்ப் ஒரு ரேர் (பல சிறப்புப் பண்புகள் கொண்ட) பொருளின் எல்லாப் பண்புகளையும் அழித்துப் புதிதாகப் போடும். எக்ஸால்டட் ஒரு பண்பைக் கூடுதலாகச் சேர்க்கும். டிவைன் இருக்கிற பண்புகளின் எண்களை மட்டும் மாற்றிப் போடும். ஆகவே ஹெல்மெட்டில் ஒரு கேயாஸ் அடிக்கும்போது, அதே கேயாஸைக் கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய ஒன்றைக் கைவிடுகிறீர்கள். “இது எனக்கு மேப்பில் (கதை முடிந்தபின் ஆடும் களத்தில்) கிடைத்தது, இலவசம்தானே” என்ற நினைப்புதான் புதியவர்களின் ஸ்டாஷை (சேமிப்புப் பெட்டியை) காலி செய்கிறது.

ஆர்பின் விலை அதன் பயனிலிருந்துதான் வருகிறது என்பதற்கு 2022 ஆகஸ்டில் வந்த 3.19 பதிப்பே சாட்சி. அதுவரை கிராஃப்டிங் பெஞ்சில் (ஆர்ப் கொடுத்து வேண்டிய பண்பைப் போட்டுக்கொள்ளும் மேசையில்) பெரிய வேலைகளுக்கு எக்ஸால்டட் கேட்டார்கள். அந்தப் பதிப்பில் டிவைன் கேட்கத் தொடங்கினார்கள். கூடவே, 6 லிங்க் பொருளை (ஆறு துளைகளும் ஒன்றோடொன்று இணைந்ததை) கடைக்காரரிடம் கொடுத்தால் 1 டிவைன் என்றிருந்ததை 20 ஃப்யூஸிங் (துளைகளை இணைக்கும் ஆர்ப்) என்று மாற்றினார்கள். டிவைனின் தேவை ஏறியது, வரத்து குறைந்தது. பல வருடங்களாக உச்சியில் இருந்த எக்ஸால்டட் கீழே இறங்க, அந்த இடத்துக்கு டிவைன் வந்தது. எந்த ஆர்பையும் தொடுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2024 டிசம்பரில் முன்னோட்டமாக வெளிவந்த இரண்டாம் பாகத்தில் கேயாஸ் ஒரு பண்பை எடுத்துவிட்டு ஒன்றைப் போடுகிறது, அவ்வளவுதான். நான் பேசுவது முதல் பாகம். கணக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

சேர்க்கும் வழிகள்

எல்லோரும் முதலில் கேள்விப்படுவது கேயாஸ் ரெசிப்பி. ஹெல்மெட், மேல்கவசம், கையுறை, காலணி, பெல்ட், கழுத்தணி, 2 மோதிரம், ஆயுதம் என்று ஒரு முழு செட் ரேர் பொருள்களைக் கடைக்காரரிடம் ஒரே விற்பனையில் கொடுக்க வேண்டும். அதில் மிகக் குறைந்த பொருள் மட்டம் 60க்கும் 74க்கும் இடையில் இருந்தால் 1 கேயாஸ். எதையும் அடையாளம் காணாமல் அப்படியே கொடுத்தால் 2. எல்லாமே 75ஓ அதற்கு மேலோ ஆகிவிட்டால் கேயாஸ் வராது, ரீகல் ஆர்ப் வரும். ஆகவே செட்டில் ஒரே ஒரு பொருள் 75க்குக் கீழே இருந்தால் போதும். குறைந்த மட்டத்தில் கிடைக்கும் மோதிரங்களை விற்காமல் வைத்துக்கொண்டால், மற்றவற்றை எந்த மேப்பிலிருந்தும் எடுக்கலாம்.

இப்போது பையைப் பாருங்கள். 12க்கு 5, மொத்தம் 60 கட்டம். மேல்கவசம் 6 கட்டம். ஹெல்மெட், கையுறை, காலணி தலா 4. பெல்ட் 2, கழுத்தணி 1, மோதிரங்கள் 2. இருப்பதிலேயே சிறிய ஆயுதமாகப் பார்த்து 2 வாண்ட் எடுத்தாலும் 6. கூட்டினால் ஒரு செட்டுக்கு 29 கட்டம். அதாவது பையை வாய்வரை நிரப்பினாலும் 2 செட், 4 கேயாஸ். வழியில் விழும் வேறு எதற்கும் இடமில்லை. ஒரு மேப்புக்கு இருப்பது 6 போர்ட்டல் (ஊரிலிருந்து உள்ளே போகும் வாசல்). அதில் ஒன்றிரண்டு சுமை இறக்கவே போய்விடும். ஊரில் அடுக்கி வைக்கும் நேரம் தனி.

அப்படியென்றால் இது வீணா? இல்லை. லீகின் முதல் இரண்டு மூன்று நாளில் இதைவிட நம்பகமான வழி கிடையாது. அப்போது யாரிடமும் கேயாஸ் இல்லை, ஒவ்வொரு கேயாஸுக்கும் வாங்கும் சக்தி அதிகம். வியாபாரமே இல்லாத தனியாட்ட முறையில் ஆடுகிறவர்களுக்கு அதற்குப் பிறகும் உதவும். மற்றவர்கள் நான்காம் நாள் நிறுத்திவிடலாம். நான் ஒரு லீகில் இரண்டு வாரம் விடாமல் செய்தேன். ஸ்டாஷ் ஒழுங்காக இருந்தது, ஆனால் என் கதாபாத்திரம் மேப்பில் முன்னேறவே இல்லை. நேரமெல்லாம் அடுக்குவதில் போயிருந்தது.

இரண்டாவது வழி எசென்ஸ், அதாவது ஒரு பண்பு உறுதியாக வரும்படி பொருளை மாற்றிப் போடும் சரக்கு. மேப்பில் பளிங்குக்குள் உறைந்து நிற்கும் பிராணியைக் கிளிக் செய்து விடுவித்து அடித்தால், அதைச் சிறைப்படுத்தியிருந்த எசென்ஸ்கள் விழும். அடுக்கி வைக்கக்கூடியவை என்பதால் பையில் சுமையே இல்லை. கேயாஸ் ரெசிப்பியோடு ஒப்பிட்டால் எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான். விஸ்பரிங்கில் தொடங்கி ஷ்ரீக்கிங், டெஃபனிங் வரை 7 படி. ஒரே வகையில் 3 கீழ்ப்படி கொடுத்தால் 1 மேல்படி. ஆகவே விற்பதற்கு முன்னால் ஒரு பார்வை பார்க்க வேண்டும்: 3 ஷ்ரீக்கிங்கின் விலை 1 டெஃபனிங்கைவிடக் குறைவா, கூடவா? சில வகைகளில் மாற்றி விற்பது லாபம், சிலவற்றில் அப்படியே விற்பது லாபம். அது வகைக்கு வகை மாறும், நாளுக்கு நாளும் மாறும்.

ரெம்னன்ட் ஆஃப் கரப்ஷன் (பளிங்கில் இருக்கும் எசென்ஸ்களை மாற்றிவிடக்கூடிய பொருள்) கையில் இருந்தால் கண்டபடி அடிக்காதீர்கள். மிசரி, என்வி, ட்ரெட், ஸ்கார்ன் என்ற நான்கு எசென்ஸ்களில் ஒன்று பளிங்கில் தெரிந்தால் அங்கே அடியுங்கள். ஹாரர், ஹிஸ்டீரியா, இன்சானிட்டி, டெலிரியம் என்ற அரிய வகைகள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும்.

எசென்ஸை உண்மையில் தூக்கி நிறுத்தியது 2024 ஜூலையில் 3.25 பதிப்போடு வந்த கரன்சி எக்ஸ்சேஞ்ச். அதற்கு முன் 10 எசென்ஸ் விற்பதென்றால் ஆளாளுக்குச் செய்தி அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, அவர்கள் வந்து போக வேண்டும். 2 மணி நேரம் ஆடுகிறவனுக்கு அதில் அரை மணி நேரம் காலி. இப்போது எக்ஸ்சேஞ்சை நடத்தும் ஃபாஸ்டஸ் என்ற பாத்திரத்திடம் ஆர்டர் போட்டுவிட்டு மேப்புக்குப் போய்விடலாம். கட்டணம் தங்கம். ஆமாம், அந்தப் பதிப்பில்தான் தங்கம் ஆட்டத்துக்குள் வந்தது. ஆனால் அதை வேறொருவரிடம் வாங்கவோ விற்கவோ முடியாது, நாமே ஆடித்தான் சேர்க்க வேண்டும். அதனால் சில்லறையாகத் தினமும் பத்து ஆர்டர் போடாமல், சேர்த்து வைத்து மொத்தமாக விற்பது நல்லது.

மூன்றாவது, ஹார்வெஸ்ட். மேப்பில் சில சமயம் திறக்கும் தோப்புக்குள் போனால் பயிர்கள் ஜோடி ஜோடியாக நிற்கும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது வாடிவிடும். அறுவடையில் கிடைப்பது லைஃப்ஃபோர்ஸ். ஊதா, மஞ்சள், நீலம் என்று மூன்று நிறம். இதை ஆயிரக்கணக்கில் விற்கலாம், வாங்க ஆள் எப்போதும் உண்டு, ஏனென்றால் பெரிய கைவினைக்காரர்களுக்கு இது தினசரித் தேவை. உள்ளே போகும் முன் எந்த நிறம் அன்று விலை போகிறது என்று பார்த்துவிட்டுப் போவது அவசியம். பிடித்த நிறத்தை அறுப்பதும் விலை போகும் நிறத்தை அறுப்பதும் ஒன்றல்ல.

எசென்ஸா ஹார்வெஸ்டா என்றால், கதாபாத்திரம் பலவீனமாக இருக்கும் முதல் வாரத்தில் எசென்ஸ். தோப்பில் பயிர்களிலிருந்து பிராணிகள் ஒரே நேரத்தில் கூட்டமாகப் பாயும், அங்கே செத்துச் செத்து ஆடினால் லாபம் கரைந்துவிடும். உயர் மேப்புகளைத் தடுமாறாமல் முடிக்கும் நிலை வந்த பிறகு ஹார்வெஸ்ட் முந்திவிடும். ஆட்லஸ் மரத்தில் (மேப்பில் எது அதிகம் வர வேண்டும் என்று புள்ளி போடும் இடத்தில்) இரண்டுக்கும் பாதிப் பாதி புள்ளி போட்டு ஆடாதீர்கள். ஒன்றில் முழுதாக இறங்குங்கள்.

செலவழிக்கும் வழிகள்

மருமகனின் ஹெல்மெட்டுக்கு வருவோம். பண்புகளில் பிரீஃபிக்ஸ், சஃபிக்ஸ் என்று இரண்டு வகை; ரேர் பொருளில் அதிகபட்சம் 3 பிரீஃபிக்ஸ், 3 சஃபிக்ஸ். கேயாஸ் அடித்தால் 4 முதல் 6 பண்பு விழும், பெரும்பாலும் 4தான். அவனுக்கு வேண்டியது லைஃபும் (உயிர் அளவு) இரண்டு ரெசிஸ்டன்ஸும் (தீ, குளிர், மின்னல் அடியைத் தாங்கும் சஃபிக்ஸ்கள்). மூன்றும் ஒரே அடியில், அதுவும் நல்ல அளவில் வர வேண்டும். 40 அடியில் வரலாம், 400 அடியிலும் வராமல் போகலாம்.

அதே ஹெல்மெட்டில் கிரீட் எசென்ஸ் அடித்தால் லைஃப் உறுதி. மீதி இரண்டுக்கு மட்டும் அதிர்ஷ்டம் வேண்டும். அந்த இரண்டில் ஒன்று வந்து ஒரு சஃபிக்ஸ் காலியாக இருந்தால், மற்றதைப் பெஞ்சில் சில ஆர்ப் செலவில் சேர்த்துக்கொள்ளலாம். ஆக மூன்று அதிர்ஷ்டம் கேட்ட வேலை ஒரே அதிர்ஷ்டத்தில் முடிகிறது. இதற்கு டெஃபனிங் வேண்டியதில்லை. முதல் வாரக் கவசத்துக்கு ஸ்க்ரீமிங் அல்லது ஷ்ரீக்கிங் தாராளம். டெஃபனிங்கை விற்றுவிடுங்கள், அதற்கு உங்களைவிட அதிகம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் எசென்ஸைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது: வாங்கிவிடுவது. ஆட்டத்தின் கதையில் ஐந்தாம் ஆக்ட் (பகுதி) முடிவிலும் பத்தாம் ஆக்ட் முடிவிலும் எல்லா ரெசிஸ்டன்ஸிலும் 30, 30 கழிப்பார்கள். உச்ச வரம்பு 75%. ஆகவே தீ, குளிர், மின்னல் மூன்றுக்கும் தலா 135, மொத்தம் 405% பெரும்பாலும் அணியும் பொருள்களிலிருந்துதான் வந்தாக வேண்டும். இதை ஒவ்வொரு கவசமாகப் பட்டறையில் செய்து முடிக்க முதல் வாரத்தில் யாருக்கும் கட்டாது. அதே சமயம் லைஃபும் இரண்டு ரெசிஸ்டன்ஸும் உள்ள காலணி, கையுறைகள் எல்லோருக்கும் விழுந்துகொண்டே இருக்கும், எல்லோரும் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். எல்லோரும் தள்ளிவிடும் பொருளை வாங்குங்கள். கிடைத்தவர் தானே வைத்துக்கொள்ளும் பொருளை மட்டும் செய்யுங்கள். என் செலவுக் கணக்கு முழுவதும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது.

ஆல்டரேஷன் (மாஜிக் பொருளின் பண்புகளை மாற்றிப் போடும் ஆர்ப்) வழி வேறு இடத்துக்கு. மாஜிக் பொருளில் ஒரு பிரீஃபிக்ஸ், ஒரு சஃபிக்ஸ் மட்டும்தான் என்பதால் குறிப்பிட்ட ஒரு பண்பைத் துரத்துவது எளிது. பிளாஸ்க்குகளுக்கு இதுதான் சரியான வழி, அவை ரேர் ஆவதே இல்லை. கிளஸ்டர் ஜுவலுக்கும் (திறன் மரத்தில் பதிக்கும் கல்) நன்றாக வரும். கை வலிக்கும், பொறுமை வேண்டும். ஃபாஸில் என்ற சுரங்கப் பொருள் வேண்டாத வகைப் பண்புகளைத் தடுக்க உதவும். ஆனால் சுரங்கத்தில் இறங்காதவர்கள் ரெசொனேட்டரையும் (ஃபாஸிலைப் பொருத்தி அடிக்கும் கருவி) சேர்த்து வாங்க வேண்டும், அந்தச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

6 லிங்க் விஷயத்தில் மூன்று வழி மோதும். ஃப்யூஸிங்கை ஒவ்வொன்றாக அடிப்பது, பெஞ்சில் 1500 ஃப்யூஸிங் கொடுத்து உறுதியாக வாங்குவது, ஏற்கெனவே லிங்க் ஆன கவசத்தை வாங்குவது. அடிக்கிறவர்களில் 100 ஃப்யூஸிங்கில் முடித்தவர்களும் உண்டு, 3000 தாண்டியவர்களும் உண்டு. முடித்தவர்கள்தான் படம் போடுவார்கள். என் வழி, முதலில் 1500 ஃப்யூஸிங்கின் இன்றைய விலையை எக்ஸ்சேஞ்சில் பார்ப்பது. லிங்க் ஆன கவசம் அதைவிட மலிவாக இருந்தால் வாங்கிவிடுவேன். இல்லையென்றால் 1500 சேரும்வரை ஒன்றைக்கூட அடிக்க மாட்டேன். சேர்ந்ததில் 600 அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி 1500 சேர்ப்பது இரண்டு வழியின் நஷ்டத்தையும் ஒன்றாக வாங்குவது.

பெஞ்சின் பெரிய பூட்டுகள் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘பிரீஃபிக்ஸ் மாறாது’ என்ற பூட்டுக்கு 2 டிவைன். அதைப் போட்டுவிட்டு ஸ்கவரிங் (பண்புகளை நீக்கும் ஆர்ப்) அடித்தால் சஃபிக்ஸ்கள் மட்டும் போகும், 3 நல்ல பிரீஃபிக்ஸ் பிழைக்கும். ஆனால் எசென்ஸும் ஃபாஸிலும் இந்தப் பூட்டை மதிக்காது. பூட்டு போட்ட பொருளில் எசென்ஸ் அடித்தால் 2 டிவைனும் போகும், பிரீஃபிக்ஸும் போகும். முதல் முறை செய்கிறவர்கள் தயவுசெய்து இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகன் கடைசியில் 40இல் பெரும்பகுதியைக் காலணிக்கும் கையுறைக்கும் கொடுத்தான். ஸ்டாஷில் சும்மா கிடந்த டெஃபனிங்குகளை எக்ஸ்சேஞ்சில் போட்டான், அரை மணி நேரத்தில் செலவழித்தது திரும்பி வந்தது. ஹெல்மெட்டில் ஷ்ரீக்கிங் கிரீட் அடித்தான். ஐந்தாவது அடியில் லைஃபோடு தீ ரெசிஸ்டன்ஸ் வந்தது, ஒரு சஃபிக்ஸ் காலி. குளிரைப் பெஞ்சில் சேர்த்துக்கொண்டு, இரவு 11 மணிக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கீழே ஒரே வரி: “மாமா, மின்னலுக்கு மட்டும் இன்னும் 18 வேணும்.”