ஐஸ் பெட்டியில் கரைந்த லேபிள்: ஸ்டிக்கர் அடிக்கக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

உச்சிப்புளிப் பக்கம் வீட்டிலேயே நன்னாரி சர்பத் போட்டு விற்கிறேன். சீனி கிடையாது, சாயல்குடிக் கருப்பட்டிதான். பனையோலைக் கொட்டான் நினைவில் ‘கொட்டான் சர்பத்’ என்று பேர் வைத்தேன். அந்தப் பேரிலேயே வில்லங்கம் இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

லேபிள் ஆசையைக் கிளப்பிவிட்டது என் அக்கா மகன். மெல்போர்னில் இருக்கிறான், வீட்டில் பீர் காய்ச்சுகிறான். அங்கே சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், விற்கத்தான் உரிமம் வேண்டும். நம் ஊரில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு லேபிள் வரைந்து லேசர் பிரிண்டரில் சாதாத் தாளில் எடுப்பான். பின்பக்கம் பாலைத் தடவி ஒட்டுவான். ஆமாம், பசும்பால். காய்ந்தால் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் ஊறப்போட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், பாட்டில் அடுத்த தடவைக்கு ஆச்சு. ஆனால் அவன் பாட்டில் ஃப்ரிட்ஜில் தூங்குகிறது. என்னுடையது ஐஸ் பெட்டியில் கிடக்க வேண்டும். அதனால் கடைக்குப் போனேன்.

ராமநாதபுரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர் கடை. பேர் வேண்டாம். ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்காகக் கிடக்கும் என்று முதல் வார்த்தையே அதைத்தான் சொன்னேன். “பிபி ஸ்டிக்கர் அக்கா, மேலே லேமினேஷன். கடல்ல போட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்றார். பிபி என்றால் தாள் இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஒன்று நாலரை ரூபாய், 600 எண்ணம், மொத்தம் 2,700. முன்பணம் 2,000 ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, “ஜிஎஸ்டி சேர்த்தா கூடும்க்கா, வேணுமா?” என்றார். நானும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வாட்ஸ்அப்பில் ப்ரூஃப், அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்கும் மாதிரி, வந்தது. போன் திரையில் அழகாகத்தான் இருந்தது. அடுப்பில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு கையால் ‘ஓகே தம்பி’ என்று தட்டிவிட்டேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம், அதில் ஒரு சுழியம் விட்டுப்போயிருந்தது. ப்ரூஃபிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறது. அது என் தப்பு, மறைக்கவில்லை.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் விற்பதாகத் திட்டம். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, முந்தின நாள் சாயங்காலம்தான் கட்டைக் கையில் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பிரித்தால் பேரே கோணல். ‘கொ’ எழுத்தில் முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு க-வுக்குப் பின்னால் போய்ப் புள்ளிவட்டத்தோடு தொங்குகிறது. ப்ரூஃப் ஒரு கணினியில் போட்டிருக்கிறார்கள், பிரிண்ட் இன்னொன்றில் எடுத்திருக்கிறார்கள். எழுத்தைக் கர்வ்ஸ் ஆக்காமல், அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றாமல், ஃபைலைத் தூக்கிப் போனால், அங்கே இருக்கும் பழைய சாஃப்ட்வேர் யூனிகோடு தமிழை இப்படித்தான் பிய்த்துப் போடும். உங்கள் பேரில் கெ, கே, கை, கொ மாதிரி எழுத்து வந்தால் அச்சடித்த ஒரு லேபிளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

அளவும் தப்பு. என் பாட்டிலில் நேராக இருக்கும் பகுதி 7 சென்டிமீட்டர்தான். எழுதியே கொடுத்திருந்தேன். லேபிள் உயரம் எட்டரை. மேல் விளிம்பு பாட்டிலின் தோள்பட்டை வளைவில் ஏறிச் சுருங்கிவிட்டது.

வேறு வழி? ராத்திரி ஒரு மணி வரை நானும் வீட்டுக்காரரும் மகளும் 300 பாட்டிலுக்கு ஒட்டினோம். விட்டுப்போன சுழியத்தை மகள் சிடி மார்க்கரால் ஒவ்வொன்றிலும் போட்டாள்.

காலையில் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கினோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் பாட்டிலை எடுத்தவர் கையெல்லாம் சிவப்பு. கருப்பட்டி நிறத்தில் வரைந்த கொட்டான் ஒழுகிப்போய், தாள் கூழாகிக் கையோடு வந்தது. மகள் போட்ட சுழியம் மட்டும் கரையவில்லை, கூழிலும் தெளிவாக இருந்தது. தேதியும் விலையும் இல்லாத பாட்டிலை யார் வாங்குவார்? தெரிந்த முகங்கள் 40 பாட்டில் எடுத்தார்கள், மிச்சம் வீட்டுக்குத் திரும்பியது.

அது பிபியே இல்லை. சாதாத் தாள் ஸ்டிக்கர், இங்க்ஜெட் மை, லேமினேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் தாள் வெள்ளை நார் விட்டுக் கிழியும், பிபி அவ்வளவு லேசில் கிழியாது. விரலை நனைத்து எழுத்தின் மேல் தேய்த்தால் இந்த மாதிரி மை உடனே இழுபடும். இரண்டும் அரை நிமிட வேலை.

போய்க் கேட்டேன். “நீங்கதானேக்கா ஓகே போட்டீங்க?” என்றார். சுழியத்துக்கு அந்த ஓகே பொருந்தும். தாளுக்கும் மைக்கும் அளவுக்கும் எப்படிப் பொருந்தும்? சரி, டிசைன் ஃபைலையாவது கொடுங்கள், வேறு இடத்தில் அடித்துக்கொள்கிறேன் என்றேன். “ஃபைல் தர்ற வழக்கம் இல்ல.” டிசைனுக்கும் சேர்த்துத்தான் பணம் என்று முதலில் பேசியிருந்தோம், எழுத்தில்தான் இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். வியாபாரத்துக்கு வாங்கியது செல்லாது என்று சிலர் பயமுறுத்தினார்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் அதற்காக வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாததுதான் உறுத்துகிறது. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கூழான லேபிளின் படங்கள், ஒட்டாமல் மிஞ்சிய 300 ஸ்டிக்கர் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பாக்கி 700 ரூபாய் கேட்டு நேற்றும் அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. அந்த அழைப்புப் பட்டியலையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.