ஸ்க்ரூஜா, கிரிஞ்சா, ருடால்ஃபா? கிறிஸ்துமஸ் மாலைக்கு ஒரு கதை

ஒவ்வொரு டிசம்பர் 24ஆம் தேதி மாலையும், இரவு ஆராதனைக்கு முன்னால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தேவாலய மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என் பொறுப்பு. ஆறு வயது முதல் பதினொன்று வரை முப்பது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து அடுக்குமாடியிலிருந்து இந்துப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களுக்குக் கதையும் வேண்டும், அப்புறம் அச்சுமுறுக்கும் வேண்டும்.

"இவனுக்கா கிறிஸ்துமஸ்?" என்று நாம் நினைக்கிற ஓர் ஆள் கடைசியில் அந்த மகிழ்ச்சிக்குள் வந்து சேருகிற கதைதான் இந்த மாலைக்குப் பொருத்தம். அந்த வகையில் மூன்று கதைகளைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மூன்றையும் தமிழில் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர்கள் முதலில் கேட்பது ருடால்ஃபை. சிவப்பு மூக்கு மான், கேலி செய்யும் மற்ற மான்கள், மூடுபனி இரவு, கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிக்கு வழிகாட்டும் மூக்கு. பாட்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. மூடுபனியை விளக்கவும் நான் சிரமப்பட்டதில்லை. "புகைமூட்டம் வந்தால் ட்வின் டவர் தெரியாமல் போகுமே, அந்த மாதிரி" என்றால் கோலாலம்பூர் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இந்தக் கதை பிறந்த விதம் மனதைத் தொடும். 1939இல் சிகாகோவின் மான்ட்கோமரி வார்ட் நிறுவனத்தில் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் மே என்பவர், கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க இதை எழுதினார். அதே வருடம்தான் அவர் மனைவி புற்றுநோயில் இறந்துபோனார். முதல் கிறிஸ்துமஸிலேயே சுமார் 24 லட்சம் பிரதிகள் போயின. பாட்டு பத்து வருடம் கழித்து, 1949இல் வந்தது.

ஆனாலும் எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. ஒரு வருடம் எட்டு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அந்த மூக்கு வெளிச்சம் தரலன்னா அவன அப்படியேதான விட்டிருப்பாங்க?" என்னிடம் பதில் இல்லை. அவள் வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை என்று பின்னால்தான் தெரிந்தது. உதவினால்தான் நண்பர்கள் கிடைப்பார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு ருடால்ஃபைப் பாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிரிஞ்ச் வேறு ரகம். அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1957இல் எழுதியது. மலைமேல் தன் நாயோடு தனியாக இருக்கும் ஒருவன், கீழே ஊரார் கொண்டாடுவது பொறுக்காமல், ராத்திரியோடு ராத்திரியாகப் பரிசு, சாப்பாடு, மரம் எல்லாவற்றையும் திருடிக்கொண்டு போகிறான். சின்னப் பிள்ளைகளுக்கு இதை அடிக்க ஆளில்லை. ஒரு குட்டிப் பாப்பா விழித்துக்கொண்டு "ஏன் எங்க மரத்த எடுக்கறீங்க?" என்று கேட்க, "ஒரு விளக்கு எரியலம்மா, சரிபண்ணிக் கொண்டு வரேன்" என்கிறானே, அந்த இடத்தில் மண்டபமே எழுந்து நிற்கும். "பொய் சொல்றான் டீச்சர்!"

விடிந்ததும் ஊர் அழும் என்று அவன் காது கொடுத்துக் காத்திருக்கிறான். ஒன்றுமே இல்லாத ஊர் கைகோத்துப் பாடுகிறது. பரிசுப் பெட்டி எத்தனை என்று எண்ணியே வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஓரிடம் போதும். இரண்டு அளவு சின்னதாக இருந்த அவன் இதயம் மூன்று அளவு பெரிதாகிறது. மதம் எதுவும் குறுக்கே வராததால் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்தும் விடும். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: மூலப் புத்தகத்தில் கிரிஞ்ச் பச்சை நிறமில்லை. பச்சை வந்தது 1966 தொலைக்காட்சிப் படத்தில். புத்தகத்தைக் காட்டினால் "இது கிரிஞ்சே இல்ல" என்று சண்டைக்கு வருவார்கள்.

குறை என்றால், அவன் ஒரு நொடியில் மாறிவிடுகிறான். ஏன் அப்படி வெறுத்தான் என்பதற்கும் சரியான காரணம் யாருக்கும் தெரியாது என்று கதையே சொல்லிவிடுகிறது. ஆறு வயதுக்கு அது போதும். பத்து வயதுக்குப் போதாது.

ஆகவே என் ஓட்டு ஸ்க்ரூஜுக்கு. ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதை இது. கிறிஸ்துமஸை வெறுக்கும் கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜிடம் முதலில் ஒரு பேயும், பிறகு அவனுடைய நேற்று, இன்று, நாளையைக் காட்டும் மூன்று ஆவிகளும் வருகின்றன; கிறிஸ்துமஸ் காலையில் அவன் மனம் மாறி எழுகிறான். நீளமானது, பேய் வருகிறது, பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று பெற்றோர்கள் தயங்குவார்கள். நீளத்துக்குப் பயப்பட வேண்டாம். மேடையில் வாசிக்கும்போது டிக்கன்ஸே தன் பிரதியில் பக்கம் பக்கமாக வெட்டியிருக்கிறார். நான் இருபத்தைந்து நிமிடத்தில் சொல்கிறேன். பேயோ, தமிழ்ப் பிள்ளைகளுக்கு எப்போதுமே பிடித்தமானது. செத்துப்போன கூட்டாளி மார்லி, பணப்பெட்டியும் சாவியும் பூட்டும் கணக்குப் புத்தகமும் கோத்த சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் இடத்தில், மண்டபத்துக் கேட்டைப் பூட்டும் சங்கிலியைச் சிமெண்டுத் தரையில் மெதுவாக இழுப்பேன். கத்துவார்கள். உடனே "இன்னொரு தடவ டீச்சர்!"

என்னை இழுத்தது ஸ்க்ரூஜின் குமாஸ்தா பாப் கிராட்சிட். வாரம் 15 ஷில்லிங் சம்பளம், நான்கு அறை வீடு, ஆறு பிள்ளைகள், கடைசிப் பையன் ஊன்றுகோலோடு நடக்கிறான். பாயில் இருக்கும் பல பிள்ளைகளுக்கு அது தெரிந்த வீடு. அப்பா ஒருவர் சம்பளத்தில் ஓடுகிற குடும்பத்தில், முதலாளி ஒரு நாள் லீவு கொடுக்கக் கணக்குப் பார்ப்பது அவர்களுக்குக் கதையே இல்லை. டிக்கன்ஸுக்கும் அப்படித்தான்: 1824இல் அப்பா கடனுக்காகச் சிறைக்குப் போனபோது, பன்னிரண்டு வயதுப் பையனாகப் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டியவர் அவர்.

ஸ்க்ரூஜ் ஏன் கஞ்சனானான் என்பதும் இதில் இருக்கிறது. விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போனபின் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன் ஸ்க்ரூஜைக் காட்டும்போது மண்டபம் அமைதியாகிவிடும். அவனைத் திட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்குப் பிறகு திட்டுவதில்லை. கிரிஞ்சுக்கு இது நடக்கவில்லை.

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் அதிகம் என்றால் மட்டும் கிரிஞ்சைச் சொல்லுங்கள். கலந்த கூட்டம் என்றால் ஸ்க்ரூஜ்தான். மூன்றாவது ஆவியின் கல்லறைக் காட்சியை இரண்டே வாக்கியத்தில் கடந்துவிடலாம்.

ஜன்னல் காட்சியை மட்டும் குறைக்காதீர்கள். விழித்தெழுந்த ஸ்க்ரூஜ் ஜன்னலைத் திறந்து, கீழே போகும் பையனிடம் இன்று என்ன நாள் என்று கேட்பான்; கிறிஸ்துமஸ் என்பான் பையன். நானும் மண்டபத்து ஜன்னலைத் திறந்து தலையை நீட்டிக் கேட்பேன். போன வருடம் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு என்ன நாள்?" என்று நான் கத்தியதும், வாசலில் முறுக்கு டின்னைத் திறந்துகொண்டிருந்த பாட்டி ஒருவர் பதறித் திரும்பினார்.

"நாளைக்குத்தாம்மா கிறிஸ்துமஸ்!"

"இல்ல பாட்டி, இன்னிக்குத்தான்!" என்றார்கள் முப்பது பிள்ளைகளும்.