ஏரோபாட்டிக் சவாரி: விமானத்துக்கு 5, வகுப்புக்கு 2

வானில் வித்தை காட்டும் எக்ஸ்ட்ரா 300 ரக விமானம், முன் இருக்கையில் நாம், பின்னால் விமானி, மொத்தம் இருபது நிமிடம். பறந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாராசூட் மாட்டிவிட்டதிலிருந்து, ஒவ்வொரு வித்தைக்கும் முன்னால் "போகலாமா?" என்று மைக்கில் கேட்டதுவரை எல்லாம் அருமை. குறையெல்லாம் கிளம்புவதற்கு முன் எடுத்த பத்து நிமிட வகுப்பில்தான்.

முதல் லூப்பில், அதாவது வானில் செங்குத்தாக ஒரு முழு வட்டம் அடித்தபோது, ஜி மீட்டர் நாலரையைத் தொட்டது, உடம்பு நாலரை மடங்கு கனத்தது. தொடை மேல் இருந்த கையைத் தூக்க முடியவில்லை, கன்னம் தாடைக்குக் கீழே வழிகிற மாதிரி இருந்தது, அப்புறம் விமானத்தின் சிவப்பு மூக்கு மெல்லச் சாம்பல் நிறமாகி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. ஆனால் விமானி பேசியது தெளிவாகக் கேட்டது! ரத்தம் கால் பக்கம் இறங்க, மேலே தள்ள இதயம் திணறுகிறது. கண்ணுக்குள் ஏற்கெனவே ஓர் அழுத்தம் இருப்பதால் மூளையை முந்திக்கொண்டு விழித்திரைக்கு ரத்தம் குறைகிறது. ஆக, பார்வை மங்குவது ஓர் எச்சரிக்கை மணி. ஜி சட்டென்று ஏறினால் அந்த மணி அடிக்காமலே மயக்கம் வந்துவிடும் என்பதையாவது அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

சொன்னது ஒரே வரி: "வயித்த நல்லா இறுக்கிக்கோங்க." கால், தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்க வேண்டும், மூச்சை அடைத்து மூன்று விநாடிக்கு ஒரு முறை சட்டென்று விட்டு இழுக்க வேண்டும். அதற்கு மேல் அடைத்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமே குறைந்துபோகும். இதைத் தரையில் நாற்காலியில் உட்கார்ந்து நாலு தடவை செய்து பார்த்திருந்தாலே போதும். 9 ஜி வரை தாங்கும் போர் விமானிகளுக்கே, காற்று நிரம்பி காலையும் வயிற்றையும் பிடிக்கும் ஜி-சூட் தருவது ஒன்று, ஒன்றரை ஜி அளவு உதவிதான், மீதிக்கு அவர்கள் நம்புவது இந்தத் தசையையும் மூச்சையும்தான்.

இன்னொன்று. தலைகீழாகப் பறந்து மைனஸ் 2 ஜி (இரு மடங்கு கனம் தலைப்பக்கம் இழுப்பது) முடிந்த கையோடு விமானத்தை மேலே இழுத்தார், இந்த முறை மூன்றரையிலேயே எனக்குச் சாம்பல் வந்துவிட்டது. மைனஸுக்குப் பிறகு உடம்பின் தாக்குப்பிடிக்கும் அளவு குறைகிறது, விமானிக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். புதியவரை வைத்துக்கொண்டு நடுவில் கொஞ்சம் நேராகப் பறந்திருக்கலாம்.

இழுக்கும்போது இறக்கையைத் திரும்பிப் பார்த்தது மட்டும் என் தப்பு. ஐந்து கிலோ தலை அப்போது இருபது கிலோ, கழுத்து இரண்டு நாள் வலித்தது.

வீடியோவை இலவசமாகவே கொடுக்கிறார்கள். முதல் லூப்பில் கன்னத்தை உப்பிக்கொண்டு, மூச்சே விடாமல் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், எட்டு விநாடி.