தொண்ணூறுக்குத் தொண்ணூறு: ஏற்காட்டு வீட்டில் இரண்டு கசப்புப் பீர்கள்

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருபவர் ஒருவர் சுங்கவரி செலுத்தாமல் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு 2 லிட்டர். 355 மி.லி. பாட்டில்களாகக் கணக்கிட்டால் ஐந்துதான் தேறும். சென்ற பங்குனியில் அமெரிக்காவிலிருந்து சேலம் வந்த மைத்துனர் நான் கேட்டபடியே டாக்ஃபிஷ் ஹெட் நிறுவனத்தின் '90 மினிட் ஐ.பி.ஏ.' (ஐ.பி.ஏ. என்பது கசப்பு மிகுந்த ஒரு பீர் வகை) இரண்டும், சியரா நெவாடாவின் 'பிக்ஃபுட்' இரண்டும், வேடிக்கை பார்க்க டாக்ஃபிஷ் ஹெட்டின் '120 மினிட்' ஒன்றும் கொண்டுவந்தார்.

நம் ஊர்க் கடைகளில் 'ஸ்ட்ராங்' என்று விற்பவை ஏறத்தாழ 8 சதவீத ஆல்கஹாலோடு நின்றுவிடுபவை. அவற்றில், பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தரும் ஹாப்ஸ் பெயரளவுக்குத்தான் இருக்கும். 90 மினிட்டில் ஆல்கஹால் 9 சதவீதம், பிக்ஃபுட்டில் 9.6. கசப்பின் அளவைக் குறிக்கும் ஐ.பி.யு. எண் இரண்டுக்கும் 90 என்பதால்தான் இவற்றை எதிரெதிரே நிறுத்தத் தோன்றியது. சாதாரண லாகர் பீரில் அந்த எண் 20-ஐத் தாண்டுவதே அரிது.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூங்கூம்பு. (கஞ்சாவும் அதே தாவரக் குடும்பம்தான், போதை மட்டும் இதில் கிடையாது.) அதன் பிசினில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறித்தான் கசப்பைத் தருகின்றன. ஆனால் எவ்வளவு நேரம் கொதிக்கிறதோ அவ்வளவுக்கு நறுமண எண்ணெய்கள் ஆவியாகிவிடும் என்பதால், கசப்புக்கு ஹாப்ஸை முதலிலும், மணத்துக்குக் கடைசியிலும் போடுவது பொதுவான முறை. 2001-இல் வந்த 90 மினிட் இந்த முறையை விட்டு விலகி, தொண்ணூறு நிமிடக் கொதி முழுவதும் ஹாப்ஸைச் சிறிது சிறிதாக இடைவிடாமல் தூவிக்கொண்டே இருக்கிறது. பிக்ஃபுட் 1983 முதல் வருவது. பார்லிவைன் என்னும், ஆல்கஹால் மிகுந்த பீர் வகையைச் சேர்ந்தது. அடர்ந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கஷாயத்தின் மேல் சினூக், காஸ்கேட், சென்டினியல் ஆகிய அமெரிக்க ஹாப்ஸ்களை ஏற்றிச் செய்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டின் வடிப்புக்கும் ஆண்டைப் பொறித்தே விற்பதால், அதை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருப்பவர்களும் உண்டு.

எனக்கு வேறொன்றையும் பார்த்துவிட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டிலைக் குளிர்பெட்டியிலும், மற்றொன்றைச் சித்திரை, வைகாசி வெயில் முழுவதும் சேலம் வீட்டுப் பீரோவிலும் வைத்தேன். (பீரோவில் பீரா என்று மனைவி கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.) ஆனி மாதம் அனைத்தையும் ஏற்காட்டிலுள்ள நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கலங்கிய வண்டல் அடங்க ஓரிரவு நிற்கவைத்து, மறுநாள் மாலை நானும் மைத்துனரும் நண்பருமாக மூவரும் பகிர்ந்து சுவைத்தோம். மலைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. இத்தகைய பீரைப் பனிக்குளிரில் குடித்தால் நாக்கு மரத்துக் கசப்பு மட்டுமே தெரியும். 10 முதல் 13 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் மணம் எழும்பும், சேலத்து அறையிலோ அந்த நிலை சில நிமிடங்கள்கூட நிற்காது.

குளிர்பெட்டியில் இருந்த பாட்டில்களை முதலில் திறந்தோம். 90 மினிட்டில் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளியதுபோன்ற மணமும், அதன் பின்னே உலர்திராட்சையின் இனிப்பும் இருந்தன. கசப்பு முதல் மிடறிலிருந்தே இனிப்போடு பின்னியபடி வருகிறது. எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. பிக்ஃபுட் அப்படியல்ல. கம்மர்கட்டை வாயில் போட்டதுபோல முதலில் இனிக்கிறது, விழுங்கிய பிறகு சுண்டைக்காய் வற்றலின் கசப்பு அடிநாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. எண் ஒன்றாக இருந்தும் அனுபவம் இரண்டாக இருப்பதில் வியப்பில்லை: ஒரு லிட்டரில் உருமாறிய அமிலம் ஏறத்தாழ எத்தனை மில்லிகிராம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது; கூடவே இருக்கும் இனிப்பையோ, கசப்பு வாயில் வந்துசேரும் வேளையையோ அது கணக்கில் எடுப்பதில்லை. இந்தச் சுற்றில் என் வாக்கு 90 மினிட்டுக்கு, மைத்துனர் ஒப்புக்கொள்ளவில்லை.

பீரோவில் இருந்தவை அந்த வாக்கைக் கவிழ்த்துவிட்டன. வெயில் தின்ற 90 மினிட்டில் நார்த்தை மணம் அடியோடு போயிருந்தது. தேன் கலந்த நீரில் ஈர அட்டையை ஊறவைத்ததுபோன்ற வாடை எஞ்சியிருந்தது. பீரோவில் இருந்த பிக்ஃபுட்டும் மணத்தை இழந்திருந்தது என்றாலும், அதன் கசப்பு தணிந்து, பேரீச்சம்பழமும் பழைய திராட்சை மதுவும் சேர்ந்ததுபோன்ற வேறொரு சுவை அந்த இடத்தை நிரப்பியிருந்தது. மணத்தையே முதலாக வைத்து நிற்கும் பீருக்கு, அது தொலைந்தால் வேறு கைமுதல் இல்லை. மால்ட்டின் மேல் நிற்பதோ முதுமையையும் ஓரளவு தாங்குகிறது.

120 மினிட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 15 முதல் 20 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள அது பீர் என்னும் எல்லையைத் தாண்டி மருந்துச் சாராயத்தின் பக்கம் சாய்கிறது. மூன்றாவது மிடறுக்கு யாரும் ஆசைப்படவில்லை.

தொட்டுக்கொள்ளத் தட்டுவடை செட்டு எடுத்துப்போனது என் பிழை. காரச் சட்னி, கசப்பையும் ஆல்கஹாலின் எரிப்பையும் ஒருங்கே கூட்டிவிட்டது. நெய்யில் வறுத்த முந்திரி அதைத் தணித்தது, இடையிடையே வெறும் பொரியும் தண்ணீரும் நாக்கைத் துடைத்தன. அளவும் கவனிக்க வேண்டியது: 355 மி.லி. பிக்ஃபுட்டில் உள்ள 34 மி.லி. ஆல்கஹால், 5 சதவீதப் பெரிய பாட்டில் ஒன்றில் இருப்பதைவிடச் சற்று அதிகம். நாங்கள் ஒவ்வொரு பாட்டிலையும் மூன்றாகப் பங்கிட்டோம். அப்படியும் அன்றிரவு யாரும் மலையிறங்கவில்லை.

மைத்துனர் அடுத்த முறை வரும்போது நான்கு பிக்ஃபுட்டும் ஒரே ஒரு 90 மினிட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒன்றை அவர் வந்த வாரத்திலேயே திறந்துவிடுவதாக ஏற்பாடு.