பனியாற்றுக்கு வாங்கியது நிலாவெளி உப்பில் எப்படி நின்றது

நியூசிலாந்துப் பயணத்துக்கென்று வாங்கிய கேம்பிங் சாமான்களைப் பற்றித் திருகோணமலையில் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: குளிரைப் பார்த்து வாங்காதீர்கள், உப்பைப் பார்த்து வாங்குங்கள். பனியாறு எங்களுடைய ஒரு சாமானையும் கெடுக்கவில்லை. கெடுத்ததெல்லாம் நிலாவெளிக் கடற்காற்றும் இந்த ஊர்ப் புழுக்கமும்தான். எல்லாம் கொரோனாவுக்கு முந்தி வாங்கியவை, அதற்குப் பிறகு எத்தனையோ கச்சான் காற்றும் மாரி மழையும் பார்த்துவிட்டன, அதனால் இப்போது துணிந்து சொல்லலாம்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணா குடும்பம் கிறைஸ்ட்சேர்ச்சில் இருக்கிறது. இரண்டு குடும்பமுமாகச் சேர்ந்து ஆறு பேர் படுக்கக்கூடிய கேம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆர்தர்ஸ் பாஸ் கணவாயைத் தாண்டி மேற்குக் கரைக்கு இறங்கி, 6ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஹொக்கிடிக்கா, ஃபிரான்ஸ் ஜோசப், ஃபொக்ஸ், ஹாஸ்ட் என்று போனோம். அங்கேயும் வாகனம் இடது பக்கம்தான் ஓடும் என்பதால் என் கணவருக்கு ஓட்டுவதில் பெரிய சிரமம் இருக்கவில்லை, ஒற்றை வழிப் பாலங்களில் மட்டும் யார் முதலில் போவது என்று காட்டும் அம்புக்குறியைப் பார்த்துப் பழக வேண்டியிருந்தது. மின்சாரம் நம்முடையது மாதிரி 230 வோல்ட், ஆனால் பிளக் வேறு. கழிப்பறைப் பெட்டியைக் கொண்டுபோய் அதற்கென்றே உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். அந்த வேலைக்கு அண்ணாவும் இவரும் காலையில் எழும்பி “நீங்க இருங்கோ மச்சான், நான் போறன்” என்று மாறி மாறி மரியாதை காட்டுவார்கள், கடைசியில் அண்ணிதான் போய்க் கொட்டிவிட்டு வருவா. (2023இல் அங்கே சட்டம் மாறிவிட்டது. கேம்பிங் தளத்துக்கு வெளியே வானை நிறுத்தித் தங்க, தன்னிறைவு வாகனம் என்ற சான்று கேட்கும் இடங்களில், வானுக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்தாக வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது அந்தச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.) இன்னொன்று, கருவாடு, மாசி, மிளகாய்த்தூள் எது கொண்டுபோனாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதாமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டொலர் தண்டம். சேறு ஒட்டிய பழைய சப்பாத்தும் பாவித்த கூடாரமும் கூட எழுத வேண்டிய பட்டியலில்தான் இருக்கின்றன.

பனியாற்றில் நடக்க நீங்கள் எதுவும் வாங்கத் தேவையில்லை. ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றில் அடிவாரத்திலிருந்தே வழிகாட்டியோடு நடந்து ஏறுவது 2012இல் நின்றுபோனது. பனியாறு பின்வாங்கிப் பின்வாங்கி, முகப்பு ஆபத்தாகிவிட்டது. இப்போது ஹெலிகொப்டரில் கொண்டுபோய் மேலே இறக்குகிறார்கள். சப்பாத்து, மழைச்சட்டை, காலில் கட்டும் இரும்பு முள் எல்லாம் அவர்களே தருவார்கள். முள்ளைக் கட்டிக்கொண்டு குதிக்காலைத் தேய்க்காமல் முழுப் பாதத்தையும் அழுத்தி வைத்து நடக்கச் சொல்வார்கள், பிள்ளைகள் எங்களை விட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். முகில் இறங்கினால் பறப்பு ரத்து, அதனால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் போனால் நினைத்த அளவுக்குக் குளிரவும் இல்லை. என்னை அதிகம் ஆட்டியது வேறு விஷயம்: அவ்வளவு பெரிய பனி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீற்றர் உயரம் வரை காட்டுக்குள் இறங்கி வருகிறது. ஃபொக்ஸ் ஊரிலிருந்து கில்லஸ்பீஸ் கடற்கரைக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். பகலில் பனியில் நின்றுவிட்டு, பொழுது சாயக் கடற்கரையில் கூடாரம் அடிக்கலாம்.

அந்தக் கடற்கரை நம் கடற்கரை மாதிரி இல்லை. சாம்பல் நிறக் கூழாங்கற்கள், குளிக்கவே முடியாத கடல், பழைய தங்கச் சுரங்கக் காலத்து இரும்பு இயந்திரம் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. அப்புறம் சாண்ட்ஃப்ளை என்ற ஒரு சின்னக் கறுப்பு ஈ, நம் நுளம்பை நல்ல பிள்ளையாக்கிவிடும். ஆனால் அது பகலிலும் அந்தியிலும்தான் கடிக்கும், இருட்டினால் போய்விடும். அதற்காக வாங்கிய நெருக்கமான வலைக்கூடு இன்றைக்கும் எங்கள் வீட்டில் மிகவும் உழைக்கிற சாமான்களில் ஒன்று, விறாந்தையில் கட்டி வைத்திருக்கிறோம்.

சரி, ஊருக்கு வருவோம். எங்களிடம் ஏற்கெனவே ஒரு டொயோட்டா ஹையேஸ் வான் இருந்தது. அங்கே பாதி கேம்பர் வான்களும் ஹையேஸ்தான் என்று பார்த்து வந்த ஆசையில், பின் சீட்டுகளை ஒதுக்கி, கழற்றி வைக்கக்கூடிய பலகையும் மெத்தையும் போட்டு, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று வைகாசி முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் இரவு தங்கப் போவோம்.

முதலில் செத்தது மடக்கு மேசை. கால் அலுமினியம், ஆணி இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தது, பிறகு கால் அப்படியே கழன்று, மீன் குழம்புச் சட்டியோடு மணலில் விழுந்தது. கதிரைகளும் அதே வழியில் போயின. இப்போது வைத்திருப்பது ஊர்க் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள், அழகில்லை, ஆனால் உப்பு ஒன்றும் செய்யாது.

கூடாரம் கொஞ்சம் பிடிவாதமாக நின்றது. அதனோடு வந்த மெல்லிய முளைகள் எங்கள் மணலில் ஒரு காற்றுக்கும் நிற்காது. கச்சான் இங்கே தரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கும், அவிழ்ந்தால் கூடாரம் புறாத்தீவுக்குப் போய்விடும். ஆகவே உரப்பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைக்கிறோம், அசையாது. ஸிப் இழுப்பியின் உலோகம் பச்சை பிடித்து இறுகும். நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் மெழுகுதிரித் துண்டால் தேய்த்தால் மறுபடி ஓடும். கடைசியில் அதைக் கொன்றது தண்ணீர் புகாமல் உள்ளே பூசியிருந்த பொலியூரித்தேன் படலம். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதைந்து பிசுபிசுக்கும். தகரக் கூரை அறையில் பைக்குள் சுருட்டி வைத்ததை ஒரு மாரி முடிந்து எடுத்தபோது வாந்தி மணம் அடித்தது, தரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவினாலும் திருந்தாது. புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசிய துணியா என்று கேளுங்கள், விலை கூட என்றாலும் இந்த நோய் அதற்கு வராது. எதுவானாலும் பைக்குள் இறுக்கி வைக்காமல் காற்றுப்பட விரித்துத் தொங்கவிடுங்கள்.

சப்பாத்து விஷயமும் இதே ரசாயனம்தான், கதை மட்டும் மோசம். மலை நடைக்கென்று இவர் வாங்கிய விலையான சப்பாத்து, அலுமாரியில் பெட்டிக்குள் புதிதாகவே இருந்தது. ஹோட்டன் சமவெளிக்குப் போட்டுக்கொண்டு போனார், அங்கே உலக முடிவு என்ற மலை விளிம்பை எட்டுவதற்குள் நடு அடிப்பகுதி பிஸ்கட் மாதிரி உதிர்ந்து இரண்டு அடியும் கழன்றன. என்னுடைய துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிக்கொண்டு திரும்பினார். பாவிக்காமல் வைத்தாலும் அந்த அடியில் இருக்கும் பொலியூரித்தேன் ஈரத்தை உறிஞ்சிச் சிதையும், சொல்லப்போனால் பாவிக்காமல் மூடி வைப்பதுதான் அதற்கு ஆகாது. என்னுடையது இ.வி.ஏ. என்ற வேறு வகை நுரைப் பிளாஸ்டிக் அடி, மலிவு, இன்னும் காலில் இருக்கிறது.

மழைச்சட்டைகள் பரவாயில்லை, மாரியில் மோட்டார் சைக்கிளுக்கு உதவுகின்றன. ஐஸ் பெட்டிதான் வீட்டுக்கு வந்த மகாலட்சுமி. மீன்காரரின் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியை விட அதிக நேரம் ஐஸ் நிற்கிறது, கலியாணம், அந்தியேட்டி என்று அயலில் எல்லாருக்கும் போய் வருகிறது.

சின்ன கேஸ் குப்பியில் எரியும் அடுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. அடுப்பைக் கழுவி விமானத்தில் கொண்டுவரலாம், குப்பியைக் கொண்டுவர விடமாட்டார்கள். குப்பியில் இருக்கும் பியூட்டேன் குளிரக் குளிர மெதுவாகத்தான் ஆவியாகும், பூச்சியம் பாகைக்குக் கொஞ்சம் கீழே போனால் ஆவியாகவே ஆகாது, அதனால் அங்கே குளிர்ந்த விடியற்காலைகளில் தேத்தண்ணிக்குத் தவம் கிடந்தோம். இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை, பதிலுக்கு வெயிலில் பூட்டிய வானுக்குள் குப்பியை விட்டுவிடக் கூடாது, 50 பாகைக்கு மேல் போவது ஆபத்து என்று அதிலேயே எழுதியிருக்கும். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதங்களில் வானும் பெற்றோல் இல்லாமல் முற்றத்தில் கிடந்தது, அப்போது மிச்சமிருந்த குப்பிகளை வைத்து மாமிக்குக் கஞ்சி காய்ச்சியது இந்த அடுப்பில்தான். தகட்டில் துரு இருக்கிறது, எரிகிறது.

தூக்கப் பைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. திருகோணமலையில் அதற்குள் படுத்தால் வெந்துபோவோம். நுவரெலியா போகிற சொந்தக்காரர்களுக்கு இரவல் கொடுக்கிறோம், கழுவித் தாங்கோ என்று சொல்லித்தான் கொடுப்பேன், ஒருத்தரும் கழுவித் தந்ததில்லை.